பூட்டை மாற்றலாமா? பெருமாள்புரத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி பெருமாள்புரத்தில் ஆறு வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறீர்கள். கணவர் துபாயில். நீங்களும் எட்டு வயது மகளும் மட்டும் இங்கே. வீட்டுக்காரர் கீழ் வீட்டில். வாடகையைக் கூட்டச் சொன்னார், உடனே முடியாது என்றீர்கள். அன்றிலிருந்து மாடிப்படி விளக்கு எரிவதில்லை, வெளிக்கேட்டின் பூட்டு உடைந்தது உடைந்தபடி கிடக்கிறது. போன வாரம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து கதவைத் திறந்தால் உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டதற்கு, “ஒழுக்கு இருக்கான்னு பாக்க வந்தேன். என் வீட்டுக்குள்ள நான் வர ஒங்ககிட்ட கேக்கணுமோ?” என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் ஒரு மாதத்தில் காலி பண்ணு, அட்வான்ஸ் கிடையாது என்றும் மிரட்டல். பூட்டை மாற்றினால் கேஸ் போடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். பூட்டைப் பற்றிக் கேட்டாலும், அவர் கேட்ட அதே கேள்விதான் உங்களுக்குள்ளும் இருக்கிறது என்று நினைக்கிறேன்: அது யார் வீடு?

பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடமாக வக்கீலாக இருக்கிறேன், வீட்டு வழக்குகள்தான் அதிகம். இரண்டு தரப்புக்கும் நடத்தியிருக்கிறேன். வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஓய்வுபெற்ற பணத்தை எல்லாம் போட்டு ஒரு மாடி எழுப்பிவிட்டு, வருடக்கணக்கில் வாடகையும் வராமல் ஆளும் கிளம்பாமல் அழுதவர்களை எனக்குத் தெரியும். அதனால் உங்கள் வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று இங்கிருந்தபடியே முடிவு கட்ட மாட்டேன். ஆனால் பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே போனது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் தொழிலில் ‘சுவாதீனம்’ என்று ஒரு சொல் உண்டு. பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வரும். பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்பது ஒன்று. இன்றைக்கு அந்த இடம் யார் கையில், யார் அனுபவத்தில் இருக்கிறது என்பது வேறு. வாடகைக்கு விட்டு சாவியை உங்கள் கையில் கொடுத்த அன்றே வீட்டின் சுவாதீனம் உங்களிடம் வந்துவிட்டது. அதை உங்களிடமிருந்து எடுக்க வேண்டுமானால் சட்டப்படியான வழியில்தான் எடுக்க முடியும். ஒருவருடைய நிலைத்த சுவாதீனத்தை உண்மையான உரிமையாளரே ஆனாலும் பலவந்தமாகப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் தந்த ராமே கவுடா வழக்குத் தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆக, சொத்து அவருடையது. நீங்கள் குடியிருக்கிற வரை கதவு உங்களுடையது.

சரி, பூட்டுக்கு வருவோம். மாற்றலாம். தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். 1960-ஆம் வருட ‘ரென்ட் கன்ட்ரோல்’ சட்டத்தை எடுத்துவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் இது அமலுக்கு வந்தது. பராமரிப்பில் எது யார் பொறுப்பு என்று இதில் ஓர் அட்டவணையே இருக்கிறது. சுவர், கட்டுமானம், வெள்ளையடிப்பு, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், கதவின் பிடி, பூட்டு போன்றவற்றை மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. பொறுப்பே உங்களுடையது என்னும்போது மாற்றியதைக் குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மாற்றுகிற விதத்தில் கவனம் வேண்டும். கதவில் புதிதாகத் துளை போட்டால் ‘கதவைச் சேதம் பண்ணிவிட்டார்’ என்று அட்வான்ஸில் கைவைப்பார். தச்சரைக் கூப்பிட்டு, இருக்கிற உள்பூட்டின் சிலிண்டரை மட்டும் கழற்றி, அதே அளவில் வேறு போடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. பழைய சிலிண்டரையும் திருகாணிகளையும் ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் இருக்கிறதா, அதன் கொண்டி நிலைக்கட்டையில் ஆடாமல் நிற்கிறதா என்றும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பகுதி மாடி வீடுகளில் பெரும்பாலும் சாதாரண அரையங்குலத் திருகாணிதான் போட்டிருப்பார்கள், ஓங்கி ஒரு தள்ளு தள்ளினால் கையோடு வந்துவிடும். நீளத் திருகாணி போட்டால் போதும்.

வீட்டுக்காரர் உள்ளே வரவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஒழுக்கு பார்க்க, பழுது பார்க்க அவர் வரலாம். ஆனால் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, என்ன காரணம், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு, காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் வர வேண்டும். ஆகவே பூட்டை மாற்றிய அன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். கோபம் இல்லாமல், இந்த மாதிரி: “அண்ணாச்சி, வணக்கம். இத்தனாம் தேதி நாங்கள் வெளியே போயிருந்தபோது எங்களிடம் சொல்லாமல் வீட்டைத் திறந்து உள்ளே வந்ததாகச் சொன்னீர்கள். தனியாக இருப்பதால் பயமாக இருக்கிறது. பூட்டின் சிலிண்டரை இன்று மாற்றியிருக்கிறேன். பழையதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், காலி செய்யும்போது மாட்டித் தருவேன். பழுது பார்க்க எப்போது வர வேண்டுமானாலும் முந்தின நாள் எழுதிச் சொல்லுங்கள், வீட்டில் இருந்து திறந்துவிடுகிறேன். நாங்கள் இல்லாதபோது தயவுசெய்து திறக்க வேண்டாம்.”

இந்தச் செய்தி ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிறர் சுவாதீனத்தில் இருக்கும் வீட்டுக்குள் நுழைவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவில் குற்றம். இந்தச் சட்டம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை 1-இல் வந்தது. அந்தப் பிரிவு ‘சொத்து யாருடையது’ என்று கேட்கவில்லை, ‘யார் சுவாதீனத்தில் இருக்கிறது’ என்றுதான் கேட்கிறது. இதுவரை உங்கள் பக்கம். ஆனால் நுழைந்தால் மட்டும் போதாது. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு கொடுக்கவோ எண்ணி நுழைந்தார் என்று காட்ட வேண்டும். ‘ஒழுக்கு பார்க்கத்தான் போனேன்’ என்று அவர் சொன்னால், போன வாரம் நடந்த அந்த ஒரு சம்பவத்தை மட்டும் வைத்துத் தண்டனை வரைக்கும் கொண்டுபோக முடியுமா என்றால், எனக்கு நம்பிக்கை குறைவு. ‘வர வேண்டாம், சொல்லிவிட்டு வாருங்கள்’ என்று நீங்கள் எழுதிய பிறகும் ஒருவர் திறந்து வந்தால், அதற்கு ஒழுக்கைக் காரணம் சொல்வது லேசில் நிற்காது. முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் அந்தச் செய்தி நிற்க வேண்டும். கதவைப் பார்த்தபடி வீட்டுக்குள்ளே ஒரு சின்ன வைஃபை கேமராவும் வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்குள் வைக்க யார் அனுமதியும் தேவையில்லை.

காவல் நிலையத்தில் பெரும்பாலும் ‘இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க’ என்று சொல்வார்கள். பாதி உண்மை. காலி பண்ணுவது, வாடகை, அட்வான்ஸ் எல்லாம் சிவில்தான். அவற்றை மனுவில் எழுதினால் அந்தப் பதிலை நீங்களே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். என்னிடம் வருகிறவர்கள் ஐந்து பக்கத்துக்கு, கல்யாணம் ஆனதிலிருந்து நடந்ததை எல்லாம் எழுதிக்கொண்டு வருவார்கள். நான் ஒரே பக்கமாக ஆக்கச் சொல்வேன். பூட்டிய வீட்டைத் திறந்தார், இந்தத் தேதி. மிரட்டினார், இந்த வார்த்தை, இந்தத் தேதி. தனியாக இருக்கும் பெண்ணும் குழந்தையும், பாதுகாப்பு வேண்டும். அவ்வளவுதான். கொடுத்துவிட்டு, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள், வாங்காமல் கிளம்பாதீர்கள். எஃப்.ஐ.ஆர். போடுவார்களா என்பது அந்த ஆய்வாளரைப் பொறுத்தது, அதற்கு நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஒருமுறை நிலையத்திலிருந்து கூப்பிட்டு விசாரித்தாலே முக்கால்வாசிப் பேர் அடங்கிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். ராத்திரியில் கதவைத் தட்டினால் மனு எழுத உட்கார வேண்டாம், நேரே 112. பெண்களுக்கான 181-உம் எந்நேரமும் எடுப்பார்கள்.

மாடிப்படி விளக்கை நீங்கள் சின்ன விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. குடியிருப்பவரைக் கிளப்புவதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ மற்ற அத்தியாவசிய வசதிகளையோ நிறுத்தக் கூடாது என்று வாடகைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது, அந்த வசதிகளில் நடைபாதை விளக்கும் மாடிப்படி விளக்கும் அடங்கும். நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர்தான் வாடகை அதிகாரி. விசாரணை முடியும் முன்னரே இடைக்கால உத்தரவு போட்டு வசதியைத் திரும்பக் கொடுக்கச் செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. மனு எங்கே, எப்படி என்று குழப்பமாக இருந்தால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், உரிய இடத்துக்கு அனுப்பி ஒப்புகையும் தருவார்கள். ஆனால் அரசாங்கத் தாள் நகரும் வேகம் உங்களுக்கே தெரியும். அதுவரை இருட்டில் ஏறி இறங்க வேண்டாம். சார்ஜ் ஏறுகிற, ஆள் நடந்தால் தானே எரிகிற விளக்கு கடைகளில் கிடைக்கிறது. உங்கள் வாசலுக்கு வெளியே ஒன்றும், திருப்பத்தில் ஒன்றும் ஒட்டிவிடுங்கள்.

கேட் பூட்டு உங்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. அந்தக் கட்டடத்தில் இன்னும் நாலு குடும்பங்களாவது இருக்குமே! கே.டி.சி. நகரில் இதே மாதிரி ஒரு விவகாரத்தில் எல்லாக் குடித்தனக்காரர்களும் ஒரு வெள்ளைத்தாளில், ‘கேட் பூட்டு உடைந்து கிடக்கிறது, ராத்திரி யார் யாரோ வண்டி நிறுத்துகிறார்கள், சரிசெய்து தரவும்’ என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வீட்டுப் பாட்டி கைநாட்டு வைத்தார். மூன்றாம் நாள் புதுப் பூட்டு தொங்கியது. அந்தக் காலத்து வளவு வீடுகளில் ஒரு முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடித்தனம் இருக்கும், ஒருத்தர் வீட்டு நாதாங்கி விழுந்தால் அடுத்த வீட்டுக்குச் சத்தம் கேட்கும். நான் டவுனில் அப்படியொரு வளவில்தான் வளர்ந்தேன். இன்றைய கட்டடங்களில் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் மூன்று வருடம் ஓடிவிடுகிறது. எதிர்வீட்டு அக்காவிடமோ மதினியிடமோ போய்ப் பேசுங்கள், அவருடைய எண்ணை மகளுக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள். பள்ளியிலும், நீங்கள் எழுதிக்கொடுத்த ஆள் தவிர வேறு யார் வந்தாலும் குழந்தையை அனுப்ப வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

வீட்டுக்காரர் வைத்த கேமரா உங்கள் வாசலைப் பார்த்து இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இதில்தான் என்னால் உறுதியாகப் பேச முடியவில்லை. பொது வழியிலும் கேட்டிலும் கேமரா வைப்பதைத் தடுப்பது கஷ்டம், அது உங்களுக்கும் பாதுகாப்புதான். ஆனால் கதவு திறந்தால் உள் அறை தெரிகிற மாதிரியோ, குளியலறை ஜன்னலைப் பார்த்தபடியோ இருந்தால் கதை வேறு, பெண்ணின் அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் கடுமையான குற்றம். அவர் வைத்த கேமரா இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பது அது என்ன காட்டுகிறது என்று பார்த்தால்தான் தெரியும். கதவுக்கு உட்புறம் ஒரு திரைச்சீலை போட்டுவிட்டு, கோணத்தைத் திருப்பச் சொல்லி எழுதுங்கள்.

இனி உங்கள் பக்கத்துப் பலவீனம். 11 மாத ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது, புதுப்பிக்கவில்லை, பதிவும் செய்யவில்லை என்கிறீர்கள். வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகி எண் வாங்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டி வெளியேற்றக் கேட்க வீட்டுக்காரருக்கு 21-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆகவே ‘நான் கிளம்பவே மாட்டேன்’ என்று நிற்கிற பலம் உங்களுக்கு அதிகம் இல்லை. ஆனால் அதற்கு அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், நோட்டீஸ் வர வேண்டும், நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அந்த அவகாசம் உங்களுக்கு உண்டு. ஒரு மாதத்தில் சாமான்களை வெளியே தூக்கிப் போட அவரால் முடியாது. உங்கள் பத்திரத்தை நான் பார்க்காததால் இதற்கு மேல் சொல்வது சரியாக இருக்காது. அதை எடுத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம், 1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

இந்த நிலையில் குடியிருப்பவர்கள் அடிக்கடி செய்கிற ஒரு தப்பு, அட்வான்ஸ் வராது என்று பயந்து ‘வாடகையை அதிலேயே கழித்துக்கொள்ளுங்கள்’ என்று நிறுத்திவிடுவது. நல்ல வழக்கையும் இது கெடுத்துவிடும். இரண்டு மாத பாக்கி வெளியேற்றத்துக்குத் தனிக் காரணம். அவர் வாங்க மறுத்தாலும் மாதாமாதம் வங்கியிலோ யு.பி.ஐ.யிலோ அனுப்பி, குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். அவர் திருப்பி அனுப்பினால் அதுவும் பதிவாகிவிடும். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடமே பணத்தைக் கட்டவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். எழுதவில்லை என்றால் பேசி ஒரு தொகைக்கு வருவதில் வெட்கமில்லை.

அட்வான்ஸ் பற்றி: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும். நீங்கள் கொடுத்தது ரொக்கமா, வங்கி வழியா என்று எழுதவில்லை. ரொக்கம் என்றால், பழைய ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இப்போதே, சண்டை முற்றும் முன், பேச்சோடு பேச்சாக, ‘அண்ணாச்சி, அன்னைக்கு நாங்க குடுத்த அட்வான்ஸ் அம்பதாயிரம்தான?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டு ஒரு ‘ஆமா’ வாங்கி வையுங்கள். தொகையை மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாத் தாள்களையும் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பிவிடுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பொங்கியபோது சிந்துபூந்துறையிலிருந்தும் மீனாட்சிபுரத்திலிருந்தும் என்னிடம் வந்தவர்களை மறக்க முடியவில்லை. ஒரு அம்மா ஈரப் பிளாஸ்டிக் பையிலிருந்து தன் வாடகைப் பத்திரத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். பிரித்தால் களிமண்ணும் நீல மையும் சேர்ந்த ஒரு உருண்டை. சேறு அடித்த சுவருக்கு எழுபதாயிரம் கேட்டு அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். கொடுத்த தொகைக்கு எங்களிடம் ஒரு எழுத்துகூட இல்லை. கடைசியில் வீட்டுக்காரரின் மகன் மனமிரங்கிப் பாதியைக் கொடுத்தார்.

இருக்கலாமா, போகலாமா என்று கேட்டால், வக்கீலாக இல்லாமல், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பனாகச் சொல்கிறேன். ஜெயிக்கிற வழக்காக இருந்தாலும், ராத்திரி காலடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிற வீட்டில் குழந்தையை வளர்க்க வேண்டாம். வேறு வீடு பாருங்கள், அவசரப்படாமல். புது வீட்டில் ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண்களை மறைத்த நகலைக் கொடுங்கள், ஒப்பந்தத்தை முதல் மாதமே பதிவு செய்யுங்கள். இப்போதைய வீட்டுக்காரருக்கு, காலி செய்யும் தேதியையும் அட்வான்ஸ் தொகையையும் எழுதி ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், மூடிய உறைக்குத்தான் மதிப்பு. கிளம்புகிற அன்று காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்து, கரண்ட் மீட்டர் எண்ணையும் அதில் காட்டுங்கள். அந்தக் கவரில் இருக்கும் பழைய சிலிண்டரைத் தச்சரை வைத்து மறுபடி மாட்டுங்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, ‘வீட்டின் சுவாதீனத்தையும் சாவியையும் பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கிவிட்டு வண்டி ஏறுங்கள்.